ஓதம் ஏறும் ஆறு: சிறு படகின் நேரத்தைத் தண்ணீர் தீர்மானிப்பது எப்படி?

சென்ற சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கிளம்பிய அதே படகு, இந்தச் சனிக்கிழமை மாலை 4 மணிக்குத்தான் கிளம்பும் என்கிறார்கள். வானத்தில் மேகமே இல்லை, ஆனால் பயணம் ரத்து. போகும்போது ஒரு மணி நேரம் பிடித்த தூரத்துக்குத் திரும்பும்போது மூன்று மணி நேரம். காலையில் ஏறிய படகுத்துறையில் மாலையில் சேறு மட்டுமே மிச்சம். கடலோடு சேரும் ஆறுகளில் வயல்வெளி பார்க்கச் சிறு படகை அமர்த்துகிறவர்கள் இதையெல்லாம் படகுக்காரரின் ஒழுங்கின்மை என்று எடுத்துக்கொள்வதுண்டு. பெரும்பாலும் அவர்மேல் தப்பு இருக்காது. நான்கு குழப்பத்துக்கும் காரணம் ஒன்றே: அந்த ஆற்றில் ஓதம் ஏறி இறங்குகிறது.

ஏரியிலோ அணை நீரிலோ படகு விடுகிறவருக்கு முதல் கேள்வி, எப்போது கிளம்பலாம் என்பது. ஓத ஆற்றில் முதல் கேள்வி, எத்தனை மணிக்குள் திரும்பியாக வேண்டும் என்பது. கிளம்பும் நேரம் அதிலிருந்து பின்னோக்கி எண்ணி வருவது. ஏன் அப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## கடல் எவ்வளவு தூரம் உள்ளே வரும்?

நிலவும் சூரியனும் ஈர்ப்பதால் கடல்மட்டம் உயர்ந்து தாழ்வதே ஓதம். மட்டம் உயரும் காலத்தை ஏற்றம் என்றும், தாழும் காலத்தை வற்றம் என்றும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். கடல் உயரும்போது ஆற்றின் வாய் வழியே தண்ணீர் உள்ளே தள்ளப்படுகிறது. கடல் தாழும்போது, அந்தத் தண்ணீரும் மேலிருந்து வரும் ஆற்று நீரும் சேர்ந்து வெளியேறுகின்றன. இப்படி நாளுக்குச் சில முறை திசை மாறி ஓடும் பகுதிதான் ஓத ஆறு.

இது முகத்துவாரத்தை ஒட்டிய கொஞ்ச தூரத்து விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. அமேசானில் கடலிலிருந்து சுமார் 800 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஓபிடோஸ் வரை ஓதத்தின் அசைவு தெரியும். நியூயார்க்கில் கடலைச் சேரும் ஹட்சன் ஆற்றில், சுமார் 245 கிலோமீட்டர் மேலே டிராய் நகரத்து அணை குறுக்கே நிற்பதால்தான் ஓதம் அங்கே நிற்கிறது. லண்டனின் தேம்ஸில் அந்த எல்லை டெடிங்டன் தடுப்பணை. பல ஆறுகளில் ஓத எல்லை என்பது இப்படி மனிதர் கட்டிய ஒரு சுவர்தான்.

தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை என்பதால் அங்கே ஓதம் இல்லை என்று முடிவுகட்டுவது பரவலான தவறு. கடல்நீர் உள்ளே வருவது ஓரளவு தூரம்தான். அதற்கு மேலே, தேங்கிய ஆற்று நீரையே ஓதம் பின்னோக்கித் தள்ளுகிறது. குடிக்கத் தகுந்த நல்ல தண்ணீர், நெல்வயல், மேயும் மாடு என எல்லாம் உள்நாட்டுக் காட்சியாக இருக்கும். மட்டம் மட்டும் ஆறு மணி நேரத்தில் இரண்டு மீட்டர் இறங்கியிருக்கும். நாட்டுப்புறப் படகுப் பயணங்கள் பெரும்பாலும் நடப்பது இந்தப் பகுதியில்தான். ஏமாறுவதும் இங்கேதான்.

## நேரம் தினமும் நகர்வதன் கணக்கு

1. நிலவு பூமியைச் சுற்றிக்கொண்டே இருப்பதால், ஓரிடம் மறுபடி நிலவுக்கு நேரே வர 24 மணி 50 நிமிடம் ஆகிறது. பெரும்பாலான கரைகளில் அதற்குள் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அதாவது ஒரு உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் சராசரி இடைவெளி 12 மணி 25 நிமிடம். மெக்சிகோ வளைகுடாவின் வடகரை போன்ற சில இடங்களில் நாளுக்கு ஒரே ஏற்றம்தான். அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது.

2. ஆகவே உச்சநேரம் நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஒரு வாரத்தில் அது ஏறக்குறைய ஆறு மணி நேரம். இன்று காலை 10 மணிக்கு ஆறு நிறைந்திருந்தால், அடுத்த வாரம் இதே கிழமை, இதே நேரத்தில் அது வற்றிக் கிடக்கும். 'போன வாரம் போன மாதிரியே போவோம்' என்ற ஏற்பாடு ஓத ஆற்றில் நேர் எதிர்மாறாக அமையும். இரண்டு வாரம் கழித்துப் போனால் ஏறத்தாழ பழைய நேரமே திரும்பி வரும்.

3. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் கழித்து, நிலவின் இழுப்பும் சூரியனின் இழுப்பும் சேர்வதால் ஏற்றம் மிக உயரும், வற்றம் மிகத் தாழும். இது பெரு ஓதம். அஷ்டமியை ஒட்டி இரண்டு இழுப்பும் ஒன்றை ஒன்று குறைப்பதால் ஏற்ற இறக்கம் சிறுத்துவிடும். இது சிறு ஓதம். மார்ச், செப்டம்பர் மாதங்களில் வரும் பெரு ஓதங்கள் மற்றவற்றைவிடப் பெரியவை.

மூன்றாவது புள்ளியிலிருந்து ஒரு விளைவு பிறக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. பெரு ஓதம் எப்போதும் நிலவும் சூரியனும் ஒரே கோட்டில் நிற்பதை ஒட்டியே வருவதால், ஒரு குறிப்பிட்ட இடத்தில் பெரு ஓதத்தின் உச்சம் ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே மணிக்கே விழும். ஓர் ஆற்றில் அது நண்பகலும் நள்ளிரவுமாக இருக்கலாம். நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னோர் ஆற்றில் காலை ஆறும் மாலை ஆறுமாக இருக்கலாம். முதல் ஆற்றில் பௌர்ணமி மாலையில் நிலவு எழுவதைப் படகிலிருந்து பார்க்க ஆசைப்படுவது வீண். அந்த நேரத்தில் அங்கே ஆறு வற்றியிருக்கும், எந்த ஆண்டானாலும்.

## ஏற்றம் சுருங்கும், வற்றம் நீளும்

திறந்த கடற்கரையில் ஏற்றமும் வற்றமும் தலா ஆறு மணிச் சொச்சம். ஆற்றுக்குள் போகப் போக இந்தச் சமநிலை குலைகிறது. ஓதம் ஆற்றில் ஒரு நீண்ட அலையாக மேலேறுகிறது. ஆழமற்ற நீரில் இத்தகைய அலையின் வேகத்தை ஆழம்தான் தீர்மானிக்கிறது: ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைக்கும். 4 மீட்டர் ஆழத்தில் அது மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர். 2 மீட்டர் ஆழத்தில் சுமார் 16. படுகையின் உராய்வால் உண்மை வேகம் இன்னும் குறைவு.

அலையின் உச்சி வரும்போது ஆறு ஆழமாக இருக்கிறது, ஆகவே உச்சி வேகமாக நகர்கிறது. அடிநிலை வரும்போது ஆறு ஆழமற்றிருக்கிறது, ஆகவே அது பின்தங்குகிறது. பின்னால் வரும் உச்சி முன்னால் போகும் அடிநிலையை நெருங்கிக்கொண்டே போவதால், ஆற்றின் மேல்பகுதியில் தண்ணீர் சட்டென்று ஏறி மெல்ல வடியும். ஏற்றம் நான்கு ஐந்து மணி, வற்றம் ஏழு எட்டு மணி என்றாகிவிடும். அதே தண்ணீர் குறைந்த நேரத்தில் உள்ளே வந்தாக வேண்டியிருப்பதால் ஏற்றத்தின் நீரோட்டம் முரட்டுத்தனமாக இருக்கும்.

இதன் உச்சகட்டம், ஏற்றத்தின் முகப்பே ஒரு சுவராக ஆற்றில் ஏறி வருவது. சீனாவின் சியன்தாங், இங்கிலாந்தின் செவர்ன், வங்கத்தின் ஹூக்ளி ஆகிய ஆறுகளில் பெரு ஓதக் காலத்தில் இதைக் காணலாம். பிரான்சின் சேன் ஆற்றிலும் ஒரு காலத்தில் பேர்போனதாக இருந்தது. கப்பல் போக்குவரத்துக்காகக் கழிமுகத்தை ஆழப்படுத்திய பிறகு 1960களில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆழம்தான் சூத்திரதாரி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். பெரும்பாலான ஆறுகளில் அலைச்சுவர் வருவதில்லை. ஆனால் அதைப் பிறப்பிக்கும் அந்தச் சமமின்மை எல்லா ஓத ஆற்றிலும் கொஞ்சமாவது உண்டு.

கடலோரத்தில் பயன்படும் பன்னிரண்டில்-ஒரு-பங்கு விதியை ஆற்றுக்குள் நம்பக் கூடாது என்பதும் இதனால்தான். ஏற்றத்தின் ஆறு மணி நேரத்தில் மட்டம் முறையே 1, 2, 3, 3, 2, 1 பங்குகளாக உயரும் என்பது அந்த விதி. ஏற்றமும் வற்றமும் சமமாக இருந்தால்தான் அது ஓரளவாவது சரிவரும்.

## மேலே போவதும் கீழே வருவதும் ஒன்றல்ல

இங்கேதான் பெரும்பாலான கணக்குகள் பிழைக்கின்றன. கற்பனை எண்களை வைத்து ஒரு பயணத்தைப் போட்டுப் பார்ப்போம்.

ஆற்றின் வாயில் அதிகாலை 4:00 மணிக்கு நீர் அடிமட்டம், காலை 10:00 மணிக்கு உச்சம், மாலை 4:25க்கு மறுபடி அடிமட்டம். 30 கிலோமீட்டர் மேலே ஒரு கிராமம். அங்கே காலை 7:00 மணிக்கு அடிமட்டம், நண்பகல் 12:00 மணிக்கு உச்சம், இரவு 7:25க்கு மறுபடி அடிமட்டம். படகின் சொந்த வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர், நீரோட்டம் 3 கிலோமீட்டர். உச்சத்திலும் அடிமட்டத்திலும் நீரோட்டம் உடனே திசை திரும்புகிறது என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம்.

மேலே போகும்போது: வாயிலிருந்து காலை 9:00 மணிக்குக் கிளம்பினால், அங்கே ஏற்றம் முடிய ஒரு மணி நேரமே பாக்கி. ஆனாலும் படகு மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில், கூடவே மேலேறும் ஓதத்துக்குள்ளேயே பயணம் செய்கிறது. 12:00 மணிக்குக் கிராமத்தை அடையும் வரை நீரோட்டம் முதுகைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதிகாலை 4:00 மணி முதல் நண்பகல் வரை, இடையில் எங்காவது நின்று ஓய்வெடுத்தால்கூட, சாதகமான எட்டு மணி நேரம் கையில் இருக்கிறது.

கீழே வரும்போது: கிராமத்தின் கரையில் நிற்பவருக்கு வற்றம் 12:00 முதல் 7:25 வரை தாராளமாக ஏழரை மணி நேரம் இருப்பதாகத் தோன்றும். சாப்பிட்டுவிட்டு, சற்று கண்ணயர்ந்துவிட்டு 4:00 மணிக்குக் கிளம்பினால் போதும் என்று படும். ஆனால் படகு இப்போது ஓதத்துக்கு எதிரே போகிறது. வாயில் 4:25க்குத் தொடங்கும் அடுத்த ஏற்றம் மேலேறி வந்து, மாலை 5:42 வாக்கில், இன்னும் 13 கிலோமீட்டர் பாக்கியிருக்கும் இடத்தில் படகைச் சந்திக்கும். அதற்கு மேல் 7-இல் 3 கழிந்து மணிக்கு 4 கிலோமீட்டர் வேகம்தான். வாயை அடையும்போது இரவு மணி 9. மூன்று மணி நேரப் பயணம் ஐந்து மணி நேரமாகிவிட்டது. கடைசிப் பகுதி இருட்டில். வழி முழுதும் வற்றத்தோடு வர வேண்டுமானால் கிராமத்தை விட்டு மதியம் 1:25க்குள் புறப்பட்டிருக்க வேண்டும்.

கரையில் நிற்பவருக்கு நீளும் வற்றம், கீழே வரும் படகுக்குச் சுருங்குகிறது. கரையில் சுருங்கும் ஏற்றம், மேலே போகும் படகுக்கு நீள்கிறது. போகும் வழி இவ்வளவு சுலபமாக இருந்ததே என்ற நினைப்பே திரும்பும் வழியில் ஆளைக் கவிழ்த்துவிடுகிறது. நல்ல படகோட்டி மதிய உணவின் நடுவே விருந்தினரை அவசரப்படுத்துவது இதனால்தான். அவரைப் பண்பற்றவர் என்று நினைக்க வேண்டியதில்லை.

பெரிய இன்ஜின் பொருத்தினால் தீர்ந்துவிடாதா? நீரைக் கிழித்துக்கொண்டு போகும் வகைப் படகில் தீராது. நீரைத் தொடும் நீளம் 5 மீட்டர் என்றால் அதன் வேக வரம்பு மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான். அதற்கு மேல் கொடுக்கும் விசையெல்லாம் பின்னால் எழும் அலைக்கே செலவாகும். நீரின் மேல் எழும்பிப் பாயும் வேகப்படகு இந்த வரம்பைத் தாண்டும். ஆனால் மண் கரை கொண்ட குறுகிய ஆற்றில் அந்த வேகத்துக்கு இடமில்லை.

## அட்டவணையில் இல்லாதவை

ஓத அட்டவணை நிலவையும் சூரியனையும் வைத்துக் கணித்த முன்னறிவிப்பு. அன்றைய ஆறு அதைப் படித்துவிட்டு நடப்பதில்லை. வேறுபாடு வரும் வழிகள் இவை:

1. மழை. மேல்பகுதியில் இரண்டு நாள் முன்பு பெய்த மழை இன்று ஆற்றில் வந்துகொண்டிருக்கும். வற்றம் நீண்டு வேகமெடுக்கும். ஏற்றம் தாமதித்து வலுவிழக்கும். பெருமழைக்குப் பின் மட்டம் உயர்ந்தாலும் நீரோட்டம் திரும்பாமல் கடலை நோக்கியே ஓடுவதுண்டு. தெளிந்த வானத்தின் கீழ் பயணம் ரத்தாவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

2. காற்றழுத்தம். அழுத்தம் ஒரு மில்லிபார் கூடினால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தாழும். சராசரி 1013. அழுத்தம் 1033 ஆக இருக்கும் அமைதியான, அழகான நாளில் தண்ணீர் 20 சென்டிமீட்டர் குறைவாக இருக்கும். கப்பலுக்கு அது பொருட்டல்ல. ஓடை வாயிலின் மணல்திட்டைத் தாண்ட வேண்டிய சிறு படகுக்கு அதுவே வழியை அடைக்கப் போதும்.

3. காற்று. கடலிலிருந்து தொடர்ந்து வீசினால் நீர் உள்ளே தேங்கும். நிலத்திலிருந்து வீசினால் குறையும். அதைவிட முக்கியமானது, காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக மோதும்போது அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுவது. போகும்போது கண்ணாடியாகக் கிடந்த அதே நீர்ப்பரப்பு, காற்று மாறாமலேயே, ஓதம் திரும்பியதும் கொந்தளிக்கத் தொடங்கும்.

4. இடம். அட்டவணை பெரும்பாலும் துறைமுகத்துக்கோ முகத்துவாரத்துக்கோ உரியது. 20 கிலோமீட்டர் மேலே உச்சநேரம் வேறு. அந்த வித்தியாசத்தை உள்ளூர்ப் படகோட்டிகளே அறிவார்கள்.

5. மட்டமும் ஓட்டமும் வேறு. நீர் உச்சத்தைத் தொட்ட கணத்தில் நீரோட்டம் நிற்க வேண்டும் என்பதில்லை. பல ஆறுகளில் மட்டம் இறங்கத் தொடங்கிய பின்னும் சிறிது நேரம் நீர் மேல்நோக்கியே ஓடும். மேலே நாம் போட்ட கணக்கில் எளிமைப்படுத்தியது இதைத்தான்.

சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பார்கள். அட்டவணை அதைச் சேர்க்காமல் அச்சாகியிருந்தால் ஒரு மணி நேரப் பிழை. அற்பமான விஷயம்தான், ஆனால் நிறையப் படகுகளைச் சேற்றில் உட்கார வைத்திருக்கிறது.

## மேலே பாலம், கீழே சேறு

வரைபடத்தில் அச்சாகியிருக்கும் ஆழம், நீர் மிகத் தாழ்ந்திருக்கும் நிலையிலிருந்து அளந்தது. அன்றைய ஓத உயரத்தை அதோடு கூட்டினால்தான் அப்போதைய ஆழம் கிடைக்கும். மாறாக, பாலத்தின் அடியில் எவ்வளவு இடைவெளி என்று குறித்திருப்பது நீர் உயர்ந்திருக்கும் நிலையிலிருந்து. ஒன்று குறைந்தபட்ச ஆழம், மற்றது குறைந்தபட்ச இடைவெளி. இரண்டுமே எச்சரிக்கையின் பக்கம் சாய்ந்தவை. கூரையுள்ள படகுக்கு இதனால் இரட்டை நெருக்கடி. தண்ணீர் குறைந்தால் திட்டில் தட்டும், கூடினால் கிராமத்துப் பாலத்தில் இடிக்கும். பெரு ஓத நாட்களில் இரண்டுக்கும் நடுவே தப்பும் நேரம் சிறுத்துவிடும். படகோட்டிகள் சிலர் சிறு ஓத நாட்களையே விரும்புவதற்கு இது ஒரு காரணம். காட்சி சாதாரணமாக இருந்தாலும் நேரம் தாராளம், ஓட்டமும் மிதமானது.

தரைதட்டுவதிலும் எந்த நேரத்தில் தட்டினோம் என்பதே முக்கியம். ஏற்றத்தில் தட்டினால் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும், தண்ணீரே தூக்கிவிடும். வற்றத்தில் தட்டினால் முதல் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் பின்வாங்கியாக வேண்டும். தவறினால் அடுத்த ஏற்றம் வரை அங்கேயேதான். ஆக மோசமானது, பெரு ஓதத்தின் உச்சியில் கரையோரப் புல்வெளியில் ஏறிச் சிக்குவது. அடுத்தடுத்த உச்சங்கள் ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் தாழ்ந்தே வரும். படகை மிதக்கவிடும் அளவு தண்ணீர் மறுபடி அங்கே எட்ட இரண்டு வாரம்கூட ஆகலாம்.

வளைவுகளில் வெளிப்பக்கம் ஆழம், உள்பக்கம் வண்டல் மேடு. எதிரோட்டத்தில் போகிறவர் ஓட்டம் தணிந்த உள்பக்கத்தை நாடுவார். ஆழம் தணிந்திருப்பதும் அதே பக்கம்தான். எவ்வளவு ஒட்டிப் போகலாம் என்பது ஒவ்வொரு வளைவையும் தெரிந்தவரின் கைப்பழக்கம்.

துறையில் அணையும்போது ஓட்டத்தை எதிர்த்தே வர வேண்டும். அப்போதுதான் படகு கட்டுப்பாட்டில் இருந்தபடியே நிற்க முடியும். அதாவது காலையில் இடப்பக்கம் அணைந்த படகு மாலையில் வலப்பக்கம் அணையலாம். நிலையான கல்துறையில் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனால், மூன்று மீட்டர் வற்றிய பின் படகு கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். நங்கூரம் என்றால் கயிற்றின் நீளத்தை இப்போதைய ஆழத்துக்கல்ல, உச்சத்தின் ஆழத்துக்குக் கணக்கிட வேண்டும். கட்டுவது எப்போதும் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில். பின்பக்கத்தில் கட்டினால் ஓட்டம் படகின் தாழ்ந்த பின்சுவரை அமிழ்த்தித் தண்ணீரை உள்ளே வாரிவிடும்.

## வயல் தெரியுமா, சேற்றுச் சுவர் தெரியுமா?

ஓதம் பயணத்தின் காட்சியையே மாற்றிவிடும் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. ஆறு நிறைந்திருக்கும்போது கண்மட்டம் கரைக்கு மேலே இருக்கும். வயல், தோப்பு, தூரத்துக் கோபுரம் வரை தெரியும். வற்றியபின் அதே படகு ஒரு பள்ளத்துக்குள் ஓடும். இருபுறமும் பளபளக்கும் சேற்றுச் சரிவுதான். கிராமப்புறத்தைப் பார்க்க வேண்டுமென்றால் உச்சத்தை ஒட்டிய இரண்டு மூன்று மணி நேரம். பறவை பார்க்க வேண்டுமென்றால் வற்றம், ஏனெனில் நாரைகளும் உள்ளான்களும் திறந்த சேற்றில் இரை தேடுவது அப்போதுதான்.

உச்சத்தில் அந்த மேய்ச்சல் நிலம் மூழ்கிவிடுவதால் பறவைகள் மீந்திருக்கும் சிறு மேடுகளில் நெருக்கியடித்து ஓய்வெடுக்கும். படகால் எளிதில் அணுக முடிவதும் அப்போதுதான். கிளப்பிவிட்டால் அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை. வயலைப் பார்க்க வந்தவர்களின் படகே, நோக்கமில்லாமல், அதிகத் தொல்லை தரும் படகாகிவிடுகிறது.

இன்னொன்று மதகுகள். ஆற்றோர வயல்கள் பல இடங்களில் ஆற்றின் உச்சமட்டத்தைவிடத் தாழ்வானவை. கரை உயர்த்தி, கரையில் ஒருவழிக் கதவுள்ள மதகு வைத்திருப்பார்கள். ஆறு உயர்ந்தால் அதன் அழுத்தமே கதவை மூடும். ஆறு தாழ்ந்தால் வயல்நீரின் அழுத்தம் கதவைத் திறந்து வடியவிடும். ஆகவே வற்றத்தின் பிற்பகுதியில், ஆள் யாரும் இல்லாமலேயே, கரையிலிருந்து குறுக்கே ஓர் ஓட்டம் பாயத் தொடங்கும். மதகின் வாயெதிரே அது கொண்டுவந்து கொட்டிய மண்திட்டும் இருக்கும். மழைக்குப் பிந்தைய நாளில் மதகை ஒட்டிப் படகை நிறுத்துவது நல்லதல்ல.

## மிதக்கும் உரிமை, இறங்கும் உரிமை

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் சில கோடுகள் பொதுவாகக் காணப்படுகின்றன. ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபில் ஓத நீரில் படகோட்டிச் செல்வது பொதுமக்களின் உரிமை. ஓத எல்லைக்கு மேலே அது தானாகக் கிடைப்பதில்லை. ஆனால் மிதந்து செல்லும் உரிமையோடு கரையில் இறங்கும் உரிமை சேர்ந்து வராது. வயல் யாருடையதோ அவர் அனுமதி வேண்டும். 'நடுவில் ஓரிடத்தில் இறங்கிச் சாப்பிடலாம்' என்று சொல்லும் படகுக்காரர் அந்த இடத்துக்கு ஏற்பாடு செய்திருக்கிறாரா என்று கேட்பது பொருத்தமே.

தனிப்பட்ட பயணம் என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் உண்டு. படகில் வேறு பயணிகள் இல்லை என்பதால் அது தனியார் உல்லாசப் பயணம் ஆகிவிடாது. பணம் வாங்கி ஓட்டினால் பெரும்பாலான நாடுகளில் அது வணிகப் பயணம்; ஓட்டுபவரின் உரிமம், படகின் சோதனை, காப்பீடு எல்லாம் அதற்கேற்ப வேண்டும். சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கை 12-க்கு மேல் பயணிகளை ஏற்றுவதைப் பயணிகள் கப்பல் என்று வரையறுக்கிறது. அந்த 12 என்ற எல்லை பல நாடுகளின் சிறு படகு விதிகளிலும் புகுந்திருக்கிறது. பிரிட்டன் உள்நாட்டு நீர்நிலைகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது: ஓத ஆறுகளும் கழிமுகங்களும், அலை 1.2 மீட்டரைத் தாண்டாதவரை, மூன்றாம் வகை. 2 மீட்டர் வரை எழக்கூடியவை நான்காம் வகை. கால்வாய்க்கு அனுமதி பெற்ற படகு ஓத ஆற்றுக்குத் தகுதி பெற்றதாகிவிடாது.

## அமர்த்தும் முன்

கேட்க வேண்டியவை அதிகமில்லை.

1. திரும்பியாக வேண்டிய கடைசி நேரம் எது, அதைத் தவறவிட்டால் என்ன ஏற்பாடு? 'அதெல்லாம் பார்த்துக்கலாம்' என்பது பதில் அல்ல.
2. போவது ஏற்றத்திலா வற்றத்திலா? உச்சம் எத்தனை மணிக்கு, எந்த இடத்துக்குரிய கணக்கு அது?
3. எல்லோருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் உண்டா, கிளம்பும்போதே அணியச் சொல்வீர்களா? இருக்கைக்கு அடியில் அடுக்கிவைத்த ஜாக்கெட் யாரையும் மிதக்க வைக்காது.
4. இன்ஜின் நின்றுவிட்டால் நங்கூரம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா? ஓட்டமுள்ள ஆற்றில் இன்ஜின் நின்ற படகு சும்மா நிற்காது. பாலத் தூணையோ கட்டியிருக்கும் வேறு படகையோ நோக்கிப் போகும். ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. குறுக்காகச் சிக்கிய சிறு படகு நொடிகளில் கவிழ்ந்துவிடும்.

இவ்வளவும் கேட்ட பிறகும் சேற்றில் சிக்க நேரலாம். அப்போது செய்யக் கூடாதது, இறங்கித் தள்ளுவது. மேலே காய்ந்தது போலத் தெரியும் ஆற்றுச் சேறு காலடி அதிர்வில் இளகி, காலை இறுகப் பிடித்துக்கொள்ளும். அடுத்த ஏற்றம் வரும்போது ஆள் அங்கேயே நிற்பார். யாராவது ஏற்கெனவே புதைந்துவிட்டால், மல்லாந்து சாய்ந்து உடல் எடையைப் பரப்பிக்கொண்டு, கால்களை ஒவ்வொன்றாக மெல்ல அசைத்து விடுவிக்க வேண்டும். படகிலிருந்து பலகையையோ துடுப்பையோ நீட்டலாம். மற்றவர்கள் படகிலேயே இருக்கட்டும். நங்கூரத்தை ஆழமான பக்கம் போட்டுவையுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும் ஏற்றம் படகை இன்னும் மேலே கரையேற்றிவிடும். பிறகு கரையில் இருப்பவருக்குத் தகவல் சொல்லும்போது 'சீக்கிரம் வந்துவிடுவோம்' என்று சொல்லாமல், படகு மறுபடி மிதக்கப்போகும் மணியையும் நிற்கும் இடத்தையும் சொல்லுங்கள். அந்த மணியைத் தாண்டித்தான் அவர் உதவி தேடத் தொடங்க வேண்டும். இருட்டிவிடும் என்றால், அல்லது யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், உடனேயே.